தறி ஓய்ந்த இரவுகள்

கலை இரவு என்பது தெருமுனையிலோ பொதுத்திடலிலோ மேடை போட்டு, இரவுச் சாப்பாடு முடிந்த நேரத்தில் தொடங்கி விடியும்வரை நடந்த இலவசக் கலை நிகழ்ச்சி. பறை, நாட்டுப்புறப் பாட்டு, வீதி நாடகம், கவிதை, பேச்சு எல்லாம் அதில் உண்டு. ஆனாலும் கூட்டத்தை உட்காரவைத்தது பாட்டுதான். பாடியவர்களில் சிலர் தாமே எழுதி, தாமே மெட்டுக் கட்டிப் பாடினார்கள். மற்றவர்கள் தங்களோடு இயங்கிய கவிஞர்களின் வரிகளைப் பாடினார்கள். கூலி, கடன், சாதி, எழுத்தறிவு, குடி, பெண் படும் பாடு ஆகியவை பாடுபொருள். தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1975ல் மதுரையில் உருவானது. எண்பதுகளில் திருவண்ணாமலை போன்ற ஊர்களில் அதன் கிளைகள் இந்த வடிவத்தை வளர்த்தெடுத்தன. தொண்ணூறுகளில் அது சிறுநகரங்களின் தெருக்களுக்கும் வந்தது. காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் தெருக்களில் அப்போது பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று நடுவயதினர். அவர்கள் நினைவில் நிற்கும் கலை இரவைப் புரிந்துகொள்ள, அந்தப் பாட்டு வந்த வழியையும் ஊரையும் தறியையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

பாட்டை வைத்து அரசியல் பேசும் மேடை தமிழ்நாட்டுக்குப் பழையது. பண்ணைபுரத்துப் பாவலர் வரதராசன் ஆர்மோனியத்தோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடினார். 1958ல் கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களிடையே அவர் பாட்டு பெரிதும் எடுபட்டது. பின்னால் தம்பிகளையும் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்; அந்தத் தம்பிகளில் ஒருவர் இளையராஜா. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959ல் 29 வயதில் இறப்பதற்குள், உழைப்பவரின் பேச்சைத் திரைப்பாட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். எம்.பி. சீனிவாசன் சென்னையில் சேர்ந்திசைக் குழு அமைத்து, பயிற்சி இல்லாத இளைஞர்களையும் கூட்டமாகப் பாடவைத்தார். அமெரிக்காவில் வூடி கத்ரி, பீட் சீகர், சிலியில் விக்டர் ஹாரா, ஆந்திரத்தில் கத்தர் என்று உழைப்பாளிகளின் பாட்டை மேடையேற்றியவர்கள் பல இடங்களிலும் இருந்தார்கள். கலை இரவும் அந்த வரிசையில் வந்தது.

தொண்ணூறுகளில் அதற்குப் புதுப் பலம் தந்தது அறிவொளி இயக்கம். கேரளத்தின் எர்ணாகுளம் 1990ல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்ட பிறகு, தமிழ்நாட்டிலும் மாவட்டம் மாவட்டமாக எழுத்தறிவுப் பணி தொடங்கியது. பாட்டும் வீதி நாடகமும் முன்னால் போயின. பாடப்புத்தகம் பின்னால் போனது. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றபோது அதற்கென்றே ஒரு பாட்டு எழுதப்பட்டு, ஊரெங்கும் பாடப்பட்டது. அன்று செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டத்தில் இருந்த காஞ்சிபுரத்துப் பிள்ளைகளும் கலை இரவு மேடையைப் பார்ப்பதற்கு முன்பே இப்படிப்பட்ட பாட்டுகளைத் தெருமுனையில் கேட்டிருந்தார்கள். ஜிப்பாவும் இடுப்பில் சிவப்புத் துண்டுமாக நாலைந்து பேர் வந்து வட்டமாக நின்று பாடிவிட்டு, சிலேட்டு கொடுத்துவிட்டுப் போவார்கள் என்பதே அவர்களின் முதல் நினைவு.

காஞ்சிபுரம் பாட்டுக்குப் புதிய ஊர் அல்ல. இங்கே திருவெஃகாவில் கோயில் கொண்டிருக்கும் பெருமாளுக்குச் சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்று பெயர். பெயர்க்காரணமாகச் சொல்லப்படும் கதை ஒரு பாடகன் மறுத்த கதை. பல்லவ மன்னன் தன்னைப் புகழ்ந்து பாடச் சொல்ல, திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணன் மறுத்தார். ஊரைவிட்டுப் போகும்படி மன்னன் ஆணையிட்டான். சீடரோடு ஆழ்வாரும் கிளம்பினார். கிளம்பும்போது பெருமாளையும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வரச்சொல்லிப் பாடினார். பெருமாளும் எழுந்து நடந்தார். ஊர் இருண்டது, மன்னன் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டான், ஆழ்வார் பாட்டை மாற்றிப் பாட, பெருமாள் திரும்பிவந்து படுத்தார். அரசனைப் பாட மறுத்தவனுக்காகச் சாமியே ஊரைவிட்டுப் போனதாகச் சொல்லும் கதையை, இந்த ஊர்க் குழந்தைகள் பாட்டியிடம் கேட்டு வளர்கிறார்கள்.

யார் பாடலாம், எங்கே நின்று பாடலாம் என்பது இந்த ஊரில் சின்ன விஷயம் அல்ல. வரதராஜப் பெருமாள் கோயிலில் பிரபந்தம் பாடும் கோஷ்டியில் யாருக்கு முதலிடம் என்ற, வைணவரின் வடகலை, தென்கலைப் பிரிவுகளுக்கு இடையிலான வழக்கு வெள்ளைக்காரர் காலத்திலிருந்து நீதிமன்றங்களுக்குப் போய்வந்திருக்கிறது. கர்நாடக இசைப் பாடகர் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை கச்சேரி செய்த ஊர் இது. 1919ல் இங்கே பிறந்த டி.கே. பட்டம்மாள் பிராமணப் பெண்கள் மேடையேறிப் பாடாத காலத்தில் ஏறிப் பாடினார். பாரதியின் விடுதலைப் பாட்டுகளை 1947ல் வந்த 'நாம் இருவர்' படத்தில் வீடுவீடாகக் கொண்டுசேர்த்தார். நெசவாளர் குடும்பத்தில் 1909ல் பிறந்த அண்ணாவின் ஊரும் இதுதான். 1953ல் கைத்தறித் துணி விற்காமல் தேங்கியபோது அவரும் அவர் கட்சிக்காரர்களும் துணியைத் தோளில் போட்டுத் தெருத்தெருவாக விற்றார்கள். ஊருக்கு வெளியே, சுற்றுக் கிராமங்களின் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து விடியவிடிய நடந்தது. ஆகவே இரவெல்லாம் கண்விழித்துக் கேட்பது இந்த மக்களுக்குப் பழக்கமானது. கோயிலில் பாட்டு சாமியைப் பற்றியது. கூத்தில் பாண்டவர்களைப் பற்றியது. கச்சேரியில் பாட்டே பாட்டைப் பற்றியது. தறிக்குழியில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றிய பாட்டு எந்த மேடையிலும் இல்லை. கலை இரவு புதிதாகக் கொண்டுவந்தது அதைத்தான்.

காஞ்சிபுரத்துப் பட்டுத்தறி பெரும்பாலும் குழித்தறி. வீட்டின் முன்கட்டில் குழி வெட்டி, அதில் காலை இறக்கி மிதியை மிதிப்பார் நெசவாளர். நூல் கர்நாடகத்திலிருந்து வரும். ஜரிகை சூரத்திலிருந்து வரும். இரண்டும் பெரும்பாலும் முதலாளியின் சரக்கு அல்லது கூட்டுறவுச் சங்கத்தின் சரக்கு. நெசவாளருக்கு உரியது தறியும் உடம்பும். ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது கோர்வைச் சேலை. அதில் உடலுக்கு ஒரு நிறம், இரண்டு கரைக்கும் வேறு நிறம். ஒவ்வொரு வரிசையிலும் கரை நூலும் உடல் நூலும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ள வேண்டும் என்பதால், ஊடிழையைக் கொண்டுபோகும் நாடா மூன்று ஓடும். ஒருவர் கையால் மூன்றையும் சமாளிக்க முடியாது. எதிர்க்கரைப் பக்கத்து நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் ஒரு சிறுவன் அல்லது சிறுமி. சொந்தப் பிள்ளை இல்லாத வீட்டில், முன்பணம் வாங்கிய வேறு வீட்டின் பிள்ளை வந்து உட்காரும். மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003ல் வெளியிட்ட பட்டுத்தொழில் அறிக்கையில், முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்த காஞ்சிபுரத்துப் பிள்ளைகள் இடம்பெற்றார்கள்.

அந்தத் தெருக்களின் பகல் முழுக்க ஒரே சத்தம்தான். அச்சுப்பலகை அடிக்கும் சத்தம், மேலே ஜக்கார்டு அட்டை புரளும் சத்தம், நாடா ஓடும் சத்தம். ஒரு வீட்டில் நின்றால் அடுத்த வீட்டில் கேட்கும். தறி ஓட ஓட வீட்டுக்குள் வானொலி பாடிக்கொண்டிருக்கும்; நெசவாளர் கூடவே முணுமுணுப்பார். இரவு எட்டு மணிக்குமேல் ஒவ்வொரு வீடாகச் சத்தம் நிற்கும். கலை இரவு அன்று ஏழு மணிக்கே நின்றுவிடும்.

நிகழ்ச்சி பெரும்பாலும் தைக்கும் பங்குனிக்கும் இடையில் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தறிக்குழியில் நீர் ஊறும், நீள இழையான பாவு காயாது, கையில் காசும் இருக்காது. ஒரு மாதம் முன்பே உண்டியல் வசூல் தொடங்கும். பேருந்து நிலையத்திலும் கடைவீதியிலும் தகர உண்டியலைக் குலுக்கிக்கொண்டு இளைஞர்கள் நிற்பார்கள். தறிவீடுகளில் ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் விழும். ரசீதுப் புத்தகம் நாலைந்து பேர் கையில் சுற்றும். சுவரில் சுண்ணாம்பு அடித்து நீலத்திலும் சிவப்பிலும் தேதி எழுதுவார்கள். பாடகர்களுக்குப் பேருந்துக் கட்டணமும் சாப்பாடும். தங்குவதற்கு யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணை. நெசவாளர் வீட்டில் சோறு போட்டு, தறிக்குப் பக்கத்தில் பாய் விரித்துக் கொடுத்ததைப் பெருமையாகச் சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அப்படி ஒரு மாசி மாதச் சனிக்கிழமை இரவு காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையத்துத் தெருவொன்றில் நடந்தது, அன்று கோர்வை நாடா தள்ளிக்கொண்டிருந்த ஒரு சிறுவனின் நினைவில் இந்த வரிசையில் இருக்கிறது. தெருவை அடைத்து மேடை. கீழே பீப்பாய், மேலே பலகை, பின்னால் கறுப்புத் துணி, அதில் அட்டையில் வெட்டி ஒட்டிய எழுத்து. விளக்குக் கம்பத்தில் கூம்பு ஒலிபெருக்கி. மேடைக்கு முன்னால் மணல் கொட்டி, அதன்மேல் தார்ப்பாய். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் முன்வரிசை, ஆண்கள் திண்ணைகளில், இளைஞர்கள் சைக்கிளில் சாய்ந்து. ஓரத்தில் ஒரு மேசை போட்டுப் புத்தகமும் ஒலிநாடாவும் விற்றார்கள். தேநீர்க்கடைக்காரர் அன்று பாய்லரைத் தெருவுக்கே கொண்டுவந்துவிட்டார்.

முதலில் வந்தது பறை. மேடைக்குப் பக்கத்தில் வைக்கோல் கொளுத்தி, ஆறேழு பேர் தோலைக் காய்ச்சினார்கள். வலக்கையில் அடிக்குச்சி, இடக்கையில் சிம்புக்குச்சி, காலில் சலங்கை. அந்தத் தெருவில் பறை அதுவரை சாவுக்கு மட்டுமே வந்திருந்தது. தெருமுனையில் நிற்கும், அடித்து முடித்ததும் காசு வாங்கிக்கொண்டு போகும். அன்று அது மேடையேறியது. அடித்தவர்களின் பெயர்களை ஒலிபெருக்கியில் ஒவ்வொன்றாகச் சொல்லித் துண்டு போர்த்தினார்கள். கிழவர்கள் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவர் எழுந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அரைமணி கழித்து அந்தக் கதவு பாதி திறந்திருந்ததையும் பிள்ளைகள் பார்த்தார்கள்.

பிறகு பாடகர். வேட்டி, முழுக்கைச் சட்டை, கையில் ஒன்றுமில்லை. பக்கத்தில் ஆர்மோனியம், தபேலா, ஒரு உறுமி. அவர் எடுத்தவுடன் பாடவில்லை. "சாப்டீங்களா?" என்று கேட்டார். தெருவில் எத்தனை தறி ஓடுகிறது, இன்றைக்குக் கூலி என்ன, ஜரிகை இந்த மாதம் வந்ததா என்று கூட்டத்தோடு பேச்சுக் கொடுத்தார். முன்வரிசையிலிருந்து பதில் வந்தது. அந்தப் பதில்களில் இரண்டை எடுத்து முதல் பாட்டின் நடுவில் சேர்த்துப் பாடியபோது கூட்டம் ஒரு கணம் திகைத்து, பிறகு கைதட்டியது. அந்த நாள் கூலியின் தொகை, கோயில் மணியைவிடப் பெரிய சத்தத்தில், ராகத்தோடு தெருவெங்கும் கேட்டது. அவ்வளவு நாளும் அந்தத் தொகையை முதலாளி வீட்டு வாசலில் தாழ்ந்த குரலில்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பாட்டுகளின் கட்டுமானம் எளிது. எளிமைக்குக் காரணமும் உண்டு. மெட்டு பெரும்பாலும் மக்களிடம் ஏற்கெனவே இருப்பது: தெம்மாங்கு, கும்மி, ஏற்றப்பாட்டு, நடவுப்பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி. வரிகள் மட்டும் புதியவை. பல்லவி குறுகியது, இரண்டாம் முறை வரும்போது கூட்டம் சேர்ந்து பாடும்படி அமைந்தது. சரணத்தில் ஒரு காட்சி, அடுத்த சரணத்தில் ஒரு கணக்கு, கடைசியில் ஒரு கேள்வி. எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஒரே இரவில் மனப்பாடம் செய்துகொண்டு போக வேண்டும் என்பதே நோக்கம். நெசவாளர்களுக்கு இது விளங்காத வேலை அல்ல. தறியில் பழைய பாவு முடியும் இடத்தில் புதுப்பாவின் இழையை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்ப்பார்கள். முழுப் பாவையும் கழற்றிப் புதிதாகப் பூட்டத் தேவையில்லை. பழைய மெட்டில் புதுச்சொல்லைச் சேர்த்ததும் அதே சிக்கனம்தான்.

இந்த மேடைகளின் பெயர்பெற்ற குரல்கள் பலவிதம். சிவகங்கைச் சீமையின் மாரந்தையில் 1955ல் பிறந்த கே.ஏ. குணசேகரன், நாட்டுப்புறப் பாட்டை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். 'தன்னானே' கலைக்குழுவை நடத்தியவர். உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தவர். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கொடுமையின் நினைவைச் சுமந்த, கவிஞர் இன்குலாபின் 'மனுசங்கடா' பாட்டு, அவர் குரலில்தான் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. கரிசல்குயில் கிருஷ்ணசாமியின் குரலில் வெயில் காய்ந்த நிலத்தின் கரகரப்பு உண்டு. சங்கரன்கோவில் திருவுடையான் தபேலாவைத் தானே வாசித்துக்கொண்டு பாடுவார். பிழைப்புக்குச் செய்த வேலை விளம்பரப் பலகை எழுதுவது. நவகவி எழுதிய பாட்டுகள் பலர் வாயில் புழங்கின. இவர்களில் எல்லாரும் எல்லா ஊருக்கும் வந்துவிட முடியாது. வராதவர்களின் பாட்டு ஒலிநாடாவில் வந்தது. உள்ளூர்ப் பாடகர்கள் அதைக் கேட்டுக் கேட்டுப் பாடினார்கள். பல தெருக்களில் கேட்டவர்களுக்கு எழுதியவர் பெயர் தெரியாது. பாட்டு மட்டும் தெரியும்.

கவிஞர் ஏகாதசி எழுதிய, தாயின் பழஞ்சேலையைப் பற்றிய ஒரு பாட்டு பின்னாளில் இந்த மேடைகளில் பெரும்பேர் பெற்றது. வேறு ஊர்களில் அது தாயை நினைத்து அழவைக்கும் பாட்டு. சேலை நெய்யும் ஊரில் அதைக் கேட்கும்போது இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. பட்டு நெய்பவர் வீட்டுப் பெண்கள் உடுத்தியது நூல்சேலை. கல்யாணத்துக்கு ஒரு பட்டு, அதுவும் பல வீடுகளில் கூலியில் கழித்த கடன். மாசி இரவில் பாடப்பட்டதும் அது போன்ற பொருளில் அமைந்த வேறொரு பாட்டு. ஒப்பாரி மெட்டில், ஊருக்கெல்லாம் பட்டு நெய்தவள் கடைசியாக எதை உடுத்திக்கொண்டு போனாள் என்று கேட்டது. ஆர்மோனியம் நின்றது; குரல் மட்டும் தொடர்ந்தது. முன்வரிசையில் ஒரு மூதாட்டி, பக்கத்திலிருந்தவரிடம், "நம்ம வூட்டுக் கதைய இந்தப் புள்ளைக்கு யாருடி சொன்னது?" என்று கேட்டார். அவர் மெதுவாகத்தான் கேட்டார். பாட்டு நின்ற அமைதியில் அது பின்வரிசைவரை கேட்டது.

நள்ளிரவுக்குப் பிறகு வீதி நாடகம். மேடையை விட்டு இறங்கி, கூட்டத்தின் நடுவிலேயே வட்டம் போட்டு நடித்தார்கள். முன்பணம் கொடுக்கும் ஒருவர், வாங்கும் ஒருவர், நடுவில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை, அவ்வளவே கதை. பிள்ளையாக நடித்த பெரிய ஆள் குனிந்து உட்கார்ந்து, இல்லாத நாடாவை இல்லாத தறியில் தள்ளினார். அதைப் பார்த்த சிறுவர்கள் முதலில் சிரித்தார்கள்; அவர் கை அசைவு தவறு என்று ஒருவன் எழுந்து நின்று சரியாகச் செய்துகாட்டினான். நடிகர் அவனையே வட்டத்துக்குள் இழுத்து உட்காரவைத்தார். அவன் செய்துகாட்டினான். கூட்டத்தில் இருந்த பெரியவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பையனின் தந்தை திண்ணையில்தான் இருந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தேநீர் குடிக்கப் போனார்.

இரவின் பிற்பகுதி எல்லாக் கலை இரவுகளிலும் தொய்வது. பேச்சாளர்கள் நீட்டுவார்கள், கவிஞர்கள் வரிசையாக வருவார்கள், குழந்தைகள் மணலிலேயே உறங்கிப்போவார்கள். பாட்டைவிடப் பிரசங்கம் கூடிப்போகிறது என்ற குறையை அமைப்பாளர்களே ஒப்புக்கொண்டதுண்டு. பாடகர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். மூன்று மணிக்கு மேல் கும்மி மெட்டை எடுப்பார்கள். தூங்கியவர்கள் எழுவார்கள், பெண்கள் சிலர் உட்கார்ந்த இடத்திலேயே கைதட்டத் தொடங்குவார்கள். அந்த இரவிலும் அப்படியே நடந்தது. ஐந்து மணிக்குக் கடைசிப் பாட்டுக்கு எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் அந்தத் தெருக்காரர்கள் அதிகம் சொல்கிறார்கள். பாவு போடத் தெரு வேண்டும். ஒரு பாவின் நீளத்தை வீட்டுக்குள் விரிக்க முடியாது. வெயில் ஏறுவதற்குள் தெருவில் நீட்டிக் கட்டி, கஞ்சி தோய்த்து, இழை இழையாகப் பிரித்துக் காயவைக்க வேண்டும். மேடையைப் பிரித்தவர்களும் பாவைத் தூக்கி வந்தவர்களும் அந்த விடியலில் ஒரே இடத்தில் சந்தித்தார்கள். பறையடித்தவர்கள் பீப்பாயை உருட்ட உதவினார்கள். பாடகர் பாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சற்று முன்புவரை ஆட்கள் உட்கார்ந்திருந்த நீளத்துக்குச் சிவப்பு இழைகள் நீண்டன. முந்தின இரவு கதவைச் சாத்திய கிழவர் கஞ்சி வாளியோடு வெளியே வந்தார். பறைக்காரர்களிடம் அவர் பேசவில்லை. நகரச் சொல்லவும் இல்லை.

பாட்டினால் கூலி உயர்ந்ததா என்ற கேள்விக்கு நேரான பதில், அன்று உயரவில்லை என்பதுதான். கூலி உயர்வு சங்கங்கள் போராடியும் பேசியும் பெற்றது. பாட்டு அந்தக் கூட்டங்களுக்கு ஆள் சேர்த்தது. அடுத்த நாள் தறியில் தூங்கி விழுந்த பிள்ளைகள் தறிக்காரரிடம் குட்டு வாங்கினார்கள். ஆனால் தெருவின் பேச்சில் சில மாற்றங்கள் தெரிந்தன. கூலித் தொகையை வெளிப்படையாகச் சொல்லிப் பேசுவது கூச்சமில்லாத காரியமானது. நாடகத்தில் செய்துகாட்டிய பையனைப் பற்றி அடுத்த ஆண்டு அமைப்பாளர்கள் விசாரித்தபோது, அவன் மாலைப் பள்ளிக்குப் போகிறான் என்று பதில் வந்தது. அந்த ஆண்டுகளில் அரசின் குழந்தைத் தொழிலாளர் மீட்புப் பணியும் பட்டுத்தறி ஊரில் தீவிரமானது. எதனால் அவன் போனான் என்று பிரித்துச் சொல்ல முடியாது. அவன் தாய் மட்டும் அந்த நாடகத்தைத்தான் காரணமாகச் சொன்னார்.

விடியவிடிய நடந்த கலை இரவு மெல்ல மெலிந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. 1993ல் சன் தொலைக்காட்சி வந்தது. சில ஆண்டுகளில் தறிவீடுகளிலும் பெட்டி ஏறியது. ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் 2000ல் வந்தன; இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்குத் தடை என்பதை உச்ச நீதிமன்றம் 2005ல் உறுதிப்படுத்தியது. அதற்குப் பிறகு கலை இரவு பெயரில் மட்டும் இரவு. மாலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்துக்குள் முடிக்க வேண்டியதாயிற்று. முக்கியமான காரணம் தறியே. கைத்தறிக்கென ரகங்களை ஒதுக்க 1985ல் சட்டம் வந்தும், விசைத்தறியில் நெய்த போலிப் பட்டு சந்தைக்கு வந்தது. 2005ல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே காலத்தில் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளின் பேருந்துகள் விடியற்காலையில் நெசவாளர் தெருவுக்கு வந்து இளைஞர்களை ஏற்றிக்கொண்டு போயின. ஷிப்ட் வேலைக்குப் போகிறவர் இரவெல்லாம் விழித்திருக்க முடியாது.

இதே ஊரின் ஓரத்தில் இரவுக் கலை வேறொரு வழியில் காப்பாற்றப்பட்டது. கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் சேர்ந்து வளர்த்த கட்டைக்கூத்துச் சங்கம் 1990ல் காஞ்சிபுரத்தில் தொடங்கியது. அதன் குருகுலம் 2002 முதல் 2020 வரை புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் இயங்கியது. பள்ளிப்படிப்போடு கூத்தும் கற்றுக்கொடுத்தது. ஆண்களே ஆடிவந்த கூத்தில் சிறுமிகளும் முழுவேடம் கட்டினார்கள். பாடுபொருள் புராணமாகவே இருந்தது. ஆனால் யார் மேடையேறலாம் என்ற பழைய கேள்விக்கு அங்கேயும் புதிய பதில் கிடைத்தது.

பாட்டும் இடம்பெயர்ந்தது. மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாடகர் கோவன் மதுக்கடைகளுக்கு எதிராகப் பாடியதற்காக 2015 அக்டோபரில் தேசத்துரோக வழக்கில் கைதானார். கைதுக்குப் பிறகு அந்தப் பாட்டை முன்பைவிட அதிகம் பேர் கேட்டார்கள். எண்ணூர்க் கழிமுகத்தின் சீரழிவைப் பற்றிக் கபேர் வாசுகி எழுதிய புறம்போக்குப் பாட்டை டி.எம். கிருஷ்ணா 2017ல் கர்நாடக ராகங்களில் பாடினார். 2018 ஜனவரியில் திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு கானாவையும் பறையையும் ராப்பையும் ஒரே மேடையில் ஏற்றியது. 2020 டிசம்பரில் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' ஒப்பாரிக்கும் கானாவுக்கும் பறைக்கும் மார்கழியில் மேடை தந்தது. கே.ஏ. குணசேகரன் 2016 ஜனவரியில் காலமானார். அதே ஆண்டு ஆகஸ்டில் திருவுடையான் சாலை விபத்தில் இறந்தார். டிசம்பர் முதல் நாள் இன்குலாப் மறைந்தார். கலை இரவுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஆண்டு மூன்று முறை துக்கம்.

காஞ்சிபுரத்தில் இப்போதும் கலை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. பத்து மணிக்கு மைக்கை நிறுத்துகிறார்கள். தொண்ணூறுகளின் ஒலிநாடாக்கள் பல வீடுகளில் பூஞ்சை பிடித்துவிட்டன. சில பாட்டுகள் கைப்பேசியில் புது வாழ்வு பெற்றிருக்கின்றன. மீதியிருக்கும் தறிகளில் வேலை செய்பவர்களில் சிலர் அந்தப் பாட்டுகளைக் கைப்பேசியில் ஓடவிட்டுக்கொண்டு நெய்கிறார்கள். பிள்ளையார்பாளையத்தில் அன்று கோர்வை நாடா தள்ளிய சிறுவன் இப்போது நெசவில் இல்லை. மாசி இரவில் தன் தெருவின் கூலித் தொகை பாட்டில் வந்ததை அவர் சொல்லும்போது தொகையையும் சேர்த்தே சொல்கிறார். பாடகரின் பெயர் மட்டும் அவர் நினைவில் இல்லை.